மணமகளுக்கு ஒரு கோடு

ஹவுகெட்டோ நிலையத்தில் ரயிலுக்குக் காத்துநின்றபோது ரஹீமாவின் மகள் ஷிபானா அழைத்தாள். "மாமி, உம்மா மௌத்தாப் போயிட்டா." எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. ரஹீமா என்னைவிடப் பதினொரு வயது இளையவள். அவள் எனக்கு எழுதவேண்டிய அஞ்சலியை நான் அவளுக்கு எழுதுகிறேன்.

மன்னாரில் பிறந்த ரஹீமா, இங்கே நோர்வேயில், குறொன்லாண்ட் பகுதியில் மரக்கறிக் கடைக்கு மேலிருந்த அறையில், ஐ.நா.வின் பெண்கள் உரிமை உடன்படிக்கையைத் தமிழ்ப் பெண்களான எங்களுக்கு விளக்குவாள். நான் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். துப்புரவு வேலை செய்துகொண்டே, அகராதியின் துணையோடு அதை நோர்வேஜிய மொழியில் மூன்று தடவை படித்திருந்தேன். ஆகவே வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை.

"முஸ்லிம் நாடுகள் கையெழுத்தும் போட்டு, மார்க்கத்துக்கு முரணில்லாத அளவுக்குத்தான் ஏற்போம் எண்டு வேலியும் அடைச்சிருக்கினம். இதென்ன ஏமாத்து?" என்று கேட்டேன்.

"அடைச்ச வேலியைப் பிறகு பிடுங்கினவையும் இருக்கினம், அக்கா. மொரோக்கோ சிலதை எடுத்திட்டுது."

"அப்ப நீர் முக்காட்டை எப்ப எடுக்கிறீர்?"

"நீங்கள் பொட்டை அழிச்சுப்போட்டோ இஞ்சை வந்தனீங்கள்?"

அறையே சிரித்தது. ஒரு மாதம் நான் அவளோடு கதைக்கவில்லை.

ஷிபானாவின் நிக்காஹ் அன்று உங்களில் பலர் இருந்தீர்கள். மௌலவி கொண்டுவந்த பதிவேடு ஊரில் அச்சடித்தது. மாப்பிள்ளைக்கும் பெண்ணின் தகப்பனுக்கும் சாட்சிகளுக்கும் அதில் இடமிருந்தது, மணமகளுக்கு இல்லை. ஊர் வழக்கம் அது. "நானும் கையெழுத்துப் போடாமல் இது நடக்காது," என்றாள் ஷிபானா. மாப்பிள்ளை வீட்டார் எழும்பத் தொடங்கினார்கள்.

"நோர்வேச் சட்டத்தைச் சொல்லும்," என்று ரஹீமாவின் காதில் சொன்னேன். அவள் அதைச் சொல்லவில்லை.

"மௌலவி, பிள்ளையின்ர சம்மதமில்லாமல் நிக்காஹ் செய்வீங்களோ?"

"செய்யமாட்டன்."

"அந்தச் சம்மதத்தை எழுதினால் ஹராமோ?"

அவர் தாடியைத் தடவினார். "இல்லை ராத்தா. புத்தகத்தில இடமில்லை."

"அவ்வளவுதானே?"

ரஹீமா, கலியாண அட்டையின் விளிம்பை வைத்துப் பதிவேட்டில் ஒரு கோடு கீறினாள். கீழே 'மணமகள்' என்று எழுதினாள். எழும்பியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்ப அமர்ந்தார்கள். ஷிபானா கையெழுத்திட்டாள். மௌலவி குனிந்து பார்த்துவிட்டு, "கோணல்," என்றார். பிறகு தாளைப் புரட்டி, "மிச்சப் பக்கங்களுக்கும் கீறிவிடுங்கோ," என்றார்.

வேலி முழுவதும் போகவேண்டும் என்பதே இன்றும் என் கட்சி. ரஹீமா இறந்துவிட்டாள் என்பதற்காக அதை மாற்றமாட்டேன். ஆனால் விளிம்பில் நீல மை படிந்த அந்த அட்டை என்னிடம் இருக்கிறது. அடுத்த மாதம் திராமன் நகரில் ஒரு நிக்காஹ். அங்கே வேறு பதிவேடு; அதிலும் மணமகளுக்கு இடமில்லை. மணமகள் அந்த அட்டையைக் கேட்டிருக்கிறாள். நானே கொண்டுபோவேன். இந்தமுறை கோடு நேராக இருக்கும்.