வாடகைக்குத் தராத அறை

டொரொண்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் பேஸ்மென்ட் அறை பார்க்கப் போனேன். கதவைத் திறந்த யாழ்ப்பாணத்து அக்கா, நைட்டிக்கு மேல் ஆண்கள் போடும் தடித்த ஜாக்கெட் அணிந்திருந்தார். எதைக் கேட்டாலும் ஆமென்றோ இல்லையென்றோ சொல்லாமல், பார்ப்போம் என்ற அர்த்தத்தில் "பாப்பம்" என்பார். ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்யுமா என்றேன். "பாப்பம்." வாடகையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்றேன். அதற்கும் "பாப்பம்"தான்.

அறை பிடித்திருந்தது. மேலே ஏறும்போது என் நிலைமையை விசாரித்தார், சொன்னேன். வேலை பெர்மிட் முடியப் போகிறது. வடக்கே ஒரு சின்ன ஊரில், முதியோர் இல்லத்தில் வேலை தருகிறார்கள். போனால் அந்த ஊருக்கான திட்டத்திலேயே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம். குளிருக்கும் தனிமைக்கும் பயந்து, டொரொண்டோவிலேயே வேறு வழி பார்க்கலாம் என்றிருக்கிறேன்.

படியேறிக்கொண்டிருந்தவர் நின்று திரும்பினார்.

"அப்ப உமக்கு ரூம் தரமாட்டன்."

"ஏன்க்கா?"

"தந்தால் நீர் அங்க போகமாட்டீர்."

கோபத்தோடுதான் வெளியே வந்தேன். அந்த வாரமே வடக்கே பஸ் ஏறினேன்.

நிரந்தர வதிவிடம் கிடைத்ததும் இனிப்போடு அவர் வாசலில் போய் நின்றேன். அதே ஜாக்கெட். முன்பின் தெரியாத எனக்காக, கைக்கு வந்த வாடகையை ஏன் வேண்டாமென்றார் என்று கேட்க நினைத்தேன். அவரோ என்னை உள்ளே கூப்பிட்டு, கீழ் அறை மறுபடி காலியாக இருப்பதாகச் சொன்னார்.

"இப்ப வேணுமெண்டால் வந்து இரும்."

எனக்கோ பனியில் கார் ஓட்டக்கூடப் பழகிவிட்டது. மறுநாள் காலை வடக்கே அந்த இல்லத்தில் வேலை. ஆனால் அந்த முகத்தைப் பார்த்து மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

"பாப்பம், அக்கா" என்றேன்.