தோட்டத்துக்கு அடியில் ஓடும் தண்ணீர்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு நான் காமயகவுண்டன்பட்டியில், என் மைத்துனர் ராமசாமியின் தோட்டத்தில் நின்றிருந்தேன். திராட்சைப் பந்தலுக்குக் கல்லுக்கால் நடக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

அந்தத் தோட்டத்துக்கு அடியில்தான் ஊருக்குக் குடிதண்ணீர் போகிற இரும்புக் குழாய் புதைந்திருக்கிறது. மேலே பயிர் வைக்கலாம். குழாயின் மேல் குழி வெட்டக் கூடாது. பார்வையிட வருகிறவரைத் தடுக்கக் கூடாது — குழாய் பதித்த வருஷமே ராமசாமி கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். இது யுத்த காலம். இரும்பெல்லாம் யுத்தத்துக்குப் போகிறது. ஒரு குழாய் உடைந்தால் மாற்றுக் குழாய் எப்போது வரும்... யார் கண்டது?

ராமசாமி அசட்டையான ஆள் இல்லை. குழாய் போகும் வழிக்கு நட்ட மூன்று அடையாளக் கற்களில் நடுக்கல்லைக் காணோம். போன வருஷம் வேலையாட்கள் அதையே பழைய பந்தலுக்குக் காலாக நட்டுவிட்டார்கள்! மீதி இரண்டுக்கும் நடுவே கயிறு கட்டி, இரண்டு முழம் தள்ளித்தான் குழி வெட்டச் சொன்னார்.

வேலிக்கு வெளியே ஒரு குரல். "ஐயா, கடப்பாரைய நிறுத்தச் சொல்லுங்க!"

குழாய் பிட்டர் சடையாண்டி. வாரம் ஒருமுறை குழாய் வழியே நடந்து பார்ப்பவர்.

"கயிறு கட்டித்தானப்பா வெட்டுறோம்," என்றார் ராமசாமி. "என் தோட்டத்துல எனக்கே வழி சொல்றியா?"

"கயிறு நேராப் போகும். குழாய் போகலையே! அங்கன பாறை கிடக்குதுன்னு வளைச்சு விட்டாக. உள்ள வரவாய்யா?"

உள்ளே வர அவருக்கு எழுத்துமூலமான உரிமை உண்டு. ஆனாலும் கேட்டுவிட்டுத்தான் வந்தார்!

குழிக்குள் ஒரு மெல்லிய கம்பியை அலுங்காமல் இறக்கினார். ஒரு சாண் போனதும் — டங்!

"கம்பியில காதை வச்சுக் கேளுங்கய்யா."

ராமசாமி மண்டியிட்டுக் கேட்டார். "ஓடுதப்பா..."

"இன்னும் நாலு போடு போட்டிருந்தா, ஊரே குடத்தைத் தூக்கிக்கிட்டு உங்க பந்தலுக்குள்ள வந்திருக்கும்!" — சடையாண்டி சிரித்தார்.

அந்த வரிசையில் இனிக் கால் நட முடியாது; ஒரு வரிசைக் கொடி போனது போனதுதான். ராமசாமி வாதாடவில்லை. வேலையாள் மண்வெட்டியை எடுத்தபோது, "இரும்பே வேண்டாம்லே" என்று தாமே மண்ணைக் கையால் தள்ளிக் குழியை மூடினார். காகிதத்தில் இருந்த உரிமையை வாய்விட்டுக் கேட்டு வந்தவர் ஒருவர். சொந்த மண்ணில் விட்டுக்கொடுத்தவர் ஒருவர். சட்டம் இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும்?

அன்று சாயங்காலம் ஊர்க் குழாயடியில் வழக்கம்போல் பெரிய சண்டை — தண்ணீர் வந்தால்தானே சண்டை!