பிஸ்டனுக்குள் இருந்த ஆள்

விபத்தில் இறந்துபோன டிரைவரின் ரூஹு, அதாவது ஆவி, அவர் ஓட்டிய வண்டியின் பிஸ்டனுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று ஒன்பது வயதில் நான் நம்பினேன். சிரிக்க வேண்டாம். ரூஹு எங்கே போகும் என்று மத்ரஸாவில் உஸ்தாத் சொல்லித்தான் கொடுத்தார். கார்களைப் பற்றி அவர் தனியாக எதுவும் சொல்லவில்லை.

கொச்சியில், கொச்சங்காடியில் எங்கள் வீட்டு முற்றத்தில் மாமு ஒரு பழைய காரை இழுத்துவந்து நிறுத்தியிருந்தார். அம்மாவின் தம்பி அவர். ஒர்க்‌ஷாப்பில் கொஞ்சகாலம் எடுபிடியாக இருந்த தைரியத்தில் என்ஜினைத் தானே இறக்கிப் பிரித்துவிட்டார். வண்டி நன்றாக ஓடினால் மாத வாடகைக்கு எடுத்து, மாமுவையே டிரைவராக வைத்துக்கொள்வதாக பஜாரில் ஒரு சேட்டு வாக்குக் கொடுத்திருந்தார். எந்த வேலையிலும் நிலைக்காத மாமுவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு என்று அம்மா தினமும் சொன்னாள், அவர் காதில் விழும்படி.

நாலு பிஸ்டனில் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதே ரகம் எங்கும் கிடைக்காமல், பழைய இரும்புக் கடையிலிருந்து வேறொரு வண்டியின் பிஸ்டனை மாமு வாங்கிவந்தார். சிலிண்டருக்குள் கச்சிதமாக இறங்கியது. கனம்தான் கூடுதல்.

"இது யார் வண்டிலேர்ந்து மாமு?"

"ஆலுவா பக்கம் மரத்துல மோதின வண்டிடா. ஓட்டின சேட்டன் அங்கனயே மௌத்து, உசுரு போயிருச்சு. பிஸ்டனுக்கு ஒரு குழப்பமும் இல்ல."

அவர் சொல்லிவிட்டுச் சாயா குடிக்கப் போய்விட்டார். நான் அந்த பிஸ்டனைக் காதோடு வைத்துக் கேட்டேன். உள்ளே யாரோ மூச்சு விடுகிற மாதிரிதான் இருந்தது.

நாலும் ஒரே கனம் இல்லாவிட்டால் என்ஜின் உதறும் என்பது மாமுவுக்குத் தெரியும். அதனால் புது பிஸ்டனின் உள்பக்கத்தை அரத்தால் ராவிக் குறைத்தார். நிறுத்துப் பார்க்க வெளியே அலைய வேண்டியதில்லை. அத்தா, என் தகப்பனார், மிளகுக் கிடங்கில் எடை போடுகிறவர். இரண்டு வியாபாரிகளுக்குள் தகராறு வந்தால் அவர் தராசு சொல்வதுதான் தீர்ப்பு. ஒரு தட்டில் பழையதையும் மறு தட்டில் புதியதையும் வைத்தார். புதியது இருந்த தட்டு லேசாகத் தாழ்ந்தது.

"இன்னும் கொஞ்சம் ராவட்டா மச்சான்?"

அத்தா முள்ளைப் பார்த்தார். "போதும்டா. மூட்டைக்கு இதைவிட ஜாஸ்தி தூசியே போகுது. கொண்டுபோய்ப் பூட்டு."

அத்தா சரி என்றால் பஜாரே சரி என்னும். மாமு அப்படியே பூட்டினார்.

சேட்டு வந்த அன்று அவர் வெள்ளை வேட்டி கண்ணைக் கூசவைத்தது. அவர் பின்சீட்டில் ஏறினார். ராசியான பையன் என்று மாமு என்னை முன்னால் உட்காரவைத்தார். இந்த ராசி எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிளம்பும்போது வண்டி ஒழுங்காகத்தான் இருந்தது. போர்ட் கொச்சி ரோட்டில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் என் கால்களுக்கு முன்னாலிருந்து ஒரு நடுக்கம் ஏறியது. கண்ணாடிகள் கடகடத்தன. டாஷ்போர்டுப் பெட்டியின் மூடி தானாகத் திறந்து மூடியது. எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆலுவாச் சேட்டன் வெளியே வரத் தட்டுகிறார்.

தெரிந்த சூரா எல்லாம் ஓதினேன். முதல் வரிக்குமேல் எதுவும் நினைவு வரவில்லை. பிறகு சீட்டைத் தாண்டிப் பின்னால் குதித்து, சேட்டுவின் மடியில் ஏறி அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். "உள்ளே ஆள் இருக்கு சேட்டு, திறந்துவிடச் சொல்லுங்க" என்று அலறினேன். அலறியதோடு விட்டிருக்கலாம். அந்த வெள்ளை வேட்டியையும் நனைத்துவிட்டேன்.

மாமு வண்டியை நிறுத்தினார். சேட்டு என்னை மெதுவாக இறக்கிவைத்துவிட்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். "நான் வேற வண்டி நோக்கிக்கறேன்," என்றார். அவ்வளவுதான்.

"பையன் பயந்து காரியத்தைக் கெடுத்துட்டான்," என்று மாமு வீட்டில் சொன்னார். தெருப் பையன்கள் என் முதுகில் தட்டித் தட்டி "உள்ளே ஆளுண்டோடா?" என்று கேட்டார்கள். அம்மா என்னோடு பேசவில்லை. சட்டை கிழிந்ததற்கே பெல்ட்டைக் கழற்றுகிற அத்தா மட்டும் என் தலையைத் தடவிவிட்டுத் தொழப் போனார். அத்தா எவ்வளவு நல்லவர் என்று நினைத்துக்கொண்டேன். மாமு வண்டியை விற்றுவிட்டு யாருக்கோ லாரி ஓட்டப் போனார். அவர் ஊருக்கு வரும்போதெல்லாம் நான் கொல்லைப்பக்கம் போய் நின்றுகொள்வேன்.

அத்தா மௌத்தான பிறகுதான் மாமு வாயைத் திறந்தார். வண்டியை விற்பதற்குமுன் பிஸ்டன்களைக் கழற்றி, நகை நிறுக்கிற தட்டார் கடைத் தராசில் நிறுத்துப் பார்த்திருக்கிறார். புதியது அங்கே நன்றாகவே தாழ்ந்ததாம்.

"அப்போ ஏன் மாமு என் தலையில போட்டீங்க?"

"நீ சின்னப் பையன், மறந்துருவே. உங்கத்தா மறுநாளும் போய்த் தராசைப் பிடிக்கணும்ல."

"அத்தாவுக்குத் தெரியுமா?"

"தட்டார் கடைக்கு என்கூட வந்ததே அவருதானே."

சேட்டு வேண்டாம் என்றது வண்டி உதறியதால். உதறியது, நாலாவது பிஸ்டன் மற்ற மூன்றையும்விடக் கனமாக இருந்ததால். அது போதும் என்று சொன்னவர் அத்தா.