நேரலைக்குக் கீழே ஒரு வரி

அம்மாவின் செத்த வீட்டை முல்லைத்தீவிலிருந்து வந்த ஒரு ஸ்டூடியோக்காரர் தன்னுடைய பக்கத்தில் நேரலையாகப் போட்டார். கனடாவில் இருக்கும் தங்கச்சியும் பிரான்சில் இருக்கும் தம்பியும் வரமுடியாமல் போனதால் தங்கச்சி செய்த ஏற்பாடு அது. நான் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. அம்மாவோடு இருந்தது நான் ஒருத்திதான். சவப்பெட்டி, பூ, சுவாமியார், சேமக்காலையில் குழி என்று எல்லாவற்றுக்கும் ஓட வேண்டியிருந்தது.

அடக்கம் முடிந்து மூன்று கிழமைக்குப் பிறகு தங்கச்சி அழைத்தாள்.

"அக்கா, அந்த லைவ் ஒரு மாதம்தான் நிக்குமாம். பிறகு தானாய் அழிஞ்சிடுமாம். எடுத்து வைச்சிருங்கோ."

"நீ எடுக்க ஏலாதோ?"

"என்னாலை அதைத் திரும்பப் பாக்க ஏலாது அக்கா."

என்னால் ஏலும் என்று அவள் எப்படி முடிவு செய்தாள் என்று தெரியவில்லை.

ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன். தன்னிடம் இருந்ததை அழித்துவிட்டு அதே கார்டில் ஒரு கலியாணம் எடுத்துவிட்டாராம்.

"ரீச்சர், லிங்கைக் கொப்பி பண்ணுங்கோ. நான் ஒரு தளம் அனுப்புறன், அதுக்குள்ளை போட்டால் வீடியோவை இறக்கித் தரும். ஆனால் பாத்து அமத்துங்கோ, அதிலை பொய் பட்டனும் கனக்க இருக்கு."

நான் முன்பள்ளி ஆசிரியை. வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. பிள்ளைகள் போனபிறகு முன்பள்ளியிலேயே இருந்து முயன்றேன். முதலில் பெரிய பச்சைப் பட்டனை அமத்தினேன். ஏதோ சூது விளையாட்டு வந்தது. அடுத்ததை அமத்த, உங்கள் போனில் வைரஸ் இருக்கிறது என்று சிவப்பாக மின்னியது. பயந்து போனையே நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனேன். மறுநாள்தான் மூலையில் சாம்பல் நிறத்தில் இருந்த சின்னப் பட்டன் கண்ணில் பட்டது. எந்தத் தரத்தில் வேண்டும் என்று கேட்டது. மூன்று மணித்தியால வீடியோவுக்குப் போனில் இடமில்லை. விளையாட்டுப் போட்டிப் படங்களையெல்லாம் அழித்து இடம் எடுத்து, நடுத்தரத்தில் இறக்க விட்டேன். ஊர்ந்து ஊர்ந்து இறங்கியது.

அது இறங்கும்வரை செய்வதற்கு ஒன்றும் இல்லாமல், நேரலைக்குக் கீழே ஆட்கள் எழுதியிருந்ததை வாசித்தேன். அதுவரை அந்தப் பக்கம் நான் போகவே இல்லை. ஆழ்ந்த அனுதாபங்கள். கைகூப்பிய படங்கள். மெழுகுதிரிகள். எங்களோடு ஒரே கரையில் இருந்தவர்கள், இப்போது எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகத்தைத் தேடிக்கொண்டு கீழே கீழே போனேன்.

இடையில் தம்பியின் பெயர் வந்தது.

தம்பியும் நானும் பேசி நாலு வருடம். அம்மா விழுந்து இடுப்பு முறிந்தபோது கொழும்புக்குக் கொண்டுபோய் ஒப்பரேசன் செய்யச் சொல்லி அவன் பிடிவாதமாக நின்றான். அம்மா மாட்டேன் என்று அழுதா. நான் அம்மாவின் பக்கம் நின்றேன். அம்மா பிறகு எழும்பி நடக்கவே இல்லை. "உங்களாலைதான்" என்று அவன் சொன்னதுதான் எனக்குச் சொன்ன கடைசிச் சொல். அதன்பிறகு அம்மாவின் போனுக்குத்தான் எடுப்பான். அம்மாவுக்குக் கை நடுங்கும். அவன் முகம் தெரிகிற மாதிரி நான்தான் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எனக்குத் தெரிவது போனின் முதுகு மட்டும். பேசி முடிய அவனே வைத்துவிடுவான்.

அந்தத் தம்பி இப்படி எழுதியிருந்தான்:

"அக்கா காலமை தொட்டு நிக்கிறா. ஆராவது ஒரு கதிரை குடுங்கோ."

எந்த அக்கா என்று ஒருகணம் யோசித்தேன்.

வீடியோ இறங்கி முடிந்ததும் அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். அம்மாவின் தலைமாட்டில் நிற்கிறேன். கைலேஞ்சியை வீசி முகத்தில் மொய்க்கும் இலையான் கலைக்கிறேன். ஆட்கள் வருகிறார்கள், கையைப் பிடிக்கிறார்கள், போய்ப் பந்தலுக்குள் கதிரைகளில் இருக்கிறார்கள். எனக்குப் பக்கத்தில் ஒருவரும் நிற்கவில்லை. அன்று வீடு கொள்ளாத சனம் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு கை சிவப்புப் பிளாஸ்ரிக் கதிரை ஒன்றை எனக்குப் பின்னால் வைக்கிறது. நான் திரும்பிப் பார்க்கிறேன். அடுத்த ஒழுங்கையில் இருக்கும் ஒரு வயதுபோன அம்மாவைப் பிடித்து அதில் இருத்திவிட்டுத் திரும்பவும் நிற்கிறேன். இப்படி நடந்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

ஸ்டூடியோக்காரரிடம் கேட்டேன்.

"ஓம் ரீச்சர், நான்தான் வைச்சனான். லைவிலை ஆரோ எழுதியிருந்தினம். நீங்கள் அதிலை இருக்கேல்லை, நான் என்ன செய்ய?"

அன்று பின்னேரம் அம்மாவின் போனிலிருந்து தம்பியின் நம்பரைப் பார்த்து என் போனில் அழுத்தினேன். அங்கே மத்தியானம்.

"ஆர்?"

"நான்."

"சொல்லுங்கோ" என்றான்.

"கதிரை வந்தது."

"கண்டனான். நீங்கள் அதிலை இருக்கேல்லை."

"அந்த அம்மாவுக்குக் கால் ஏலாது."

"அதையும் கண்டனான். அண்டைக்கு நான் வேலைக்குப் போகேல்லை. லைவை ரண்டு தரம் பூட்டிப்போட்டுத் திரும்பத் திறந்தனான்."

கதிரை ஒன்றை இழுத்து அதில் இருந்தேன். அவன், "இப்ப இருக்கிறியளோ?" என்று கேட்டான்.

"ஓம். இப்ப இருக்கிறன்."

இடுப்பு முறிந்த கதையை இருவரும் எடுக்கவில்லை.

இறக்கிய வீடியோவில் படமும் சத்தமும் மட்டும்தான் இருந்தன. கீழே எழுதியிருந்ததை அந்தத் தளம் எடுத்துத் தரவில்லை. அதைப் படமாகப் பிடிக்கவும் போனில் இடமில்லை. முன்பள்ளி வரவுக் கொப்பி ஒன்றின் பின்பக்கங்களில் பெயர் பெயராக எழுதத் தொடங்கினேன். நாலு மத்தியானம் எழுதினேன். தம்பியின் வரியை அது வந்த இடத்திலேயே, மற்றவர்களுடையதற்கு நடுவில் எழுதினேன். முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து வந்து பார்த்தபோதும் நேரலை இருந்தது. இரண்டு நாள் கழித்துத் தேடினேன், இல்லை.

"எடுத்தனான், அனுப்பட்டோ?" என்று தங்கச்சியிடம் கேட்டேன்.

"வேண்டாம் அக்கா. உங்களிட்டை இருக்கட்டும்."

தம்பி அந்த ஞாயிற்றுக்கிழமை எடுத்தான். என்ன கறி என்று கேட்டான். சூடை மீன் சொதி என்றேன். மழை பெய்கிறதா என்று கேட்டான். இல்லை, காத்துத்தான் என்றேன். அம்மா இல்லாமல் எங்களுக்குள் கதைக்க அவ்வளவுதான் இருந்தது. அடுத்த கிழமை அவன் எடுக்கவில்லை. நான் எடுப்போமா என்று யோசித்து, வேலையில் நிற்பான் என்று விட்டுவிட்டேன். அதற்கடுத்த கிழமை எடுத்தான்.