வெள்ளிக்கிழமைப் பாடம்

அணுப் பொறியியலில் முனைவர் பட்டத்துக்கு இடம் கிடைத்ததும், முதல் பருவத்தில் என்னென்ன பாடங்கள் எடுக்கப் போகிறேன் என்று நானே திட்டம் போட்டு அனுப்ப வேண்டியிருந்தது. நாலு பாடம். மற்றவர்கள் பாடத்தின் பெயரைப் பார்த்திருப்பார்கள். நான் கிழமையைப் பார்த்தேன். வகுப்பு சென்னையில், வீடு விருத்தாசலத்தில். மகளுக்கு அப்போதுதான் இரண்டு வயது முடிந்திருந்தது, இன்னும் தாய்ப்பாலை விட்டபாடில்லை.

மூன்று பாடங்கள் திங்களிலிருந்து புதனுக்குள் அடங்கிவிட்டன. உலைக்குள் நியூட்ரான்கள் எப்படிப் பரவுகின்றன என்கிற பாடம் மட்டும் வியாழனும் வெள்ளியும். என் ஆராய்ச்சிக்கே அதுதான் அடிப்படை. ஆனால் அதை எடுத்தால் வாரத்தில் ஐந்து நாள் மகளைப் பிரிந்திருக்க வேண்டும், பாலை மறக்கடித்தாக வேண்டும். அதை விட்டுவிட்டுச் செவ்வாய்க்கிழமையில் ஒரு லேசான பாடத்தைச் சொருகினால், புதன் சாயங்காலம் ரயில் ஏறிவிடலாம். சொருகினேன். பெரிய புத்திசாலித்தனம் செய்துவிட்டதாக ஒரு நினைப்பு வேறு.

வழிகாட்டிப் பேராசிரியர் போனில் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "அந்தப் பாடம் ஒரு வருஷம் விட்டு ஒரு வருஷம்தாம்மா வரும். இப்ப விட்டா உங்க ஆராய்ச்சியும் தள்ளிப் போயிடும். யோசிச்சு அனுப்புங்க" என்றார். யோசிக்கத்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

என் கணவர் ஃபியூஸ் கட்டைகள் செய்கிற ஒரு பீங்கான் கம்பெனியில் களிமண் கலக்கும் பிரிவில் இருக்கிறார். அணு உலையின் எரிபொருளையும் தூளாக்கி, அச்சில் அழுத்தி, சூளையில் சுட்டுத்தான் எடுக்கிறார்கள் என்று ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து, தன் வேலையும் என் படிப்பும் ஒன்றுதான் என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லித் திரிகிறார். டீ குடித்தபடியே என் தாளை வாங்கிப் பார்த்தார்.

"எந்தப் பாடத்தப் பத்திப் பேசிப் பேசி என் உயிர வாங்குனியோ, அதயே இதுல காணுமே?"

"கொழந்தைக்குப் பால் நீங்க குடுப்பீங்களா?"

சுருக்கென்று கேட்டுவிட்டேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது அவருக்குப் பழகிப்போன சங்கதி. எழுந்து போய் டம்ளரைக் கழுவி வைத்தார்.

"வேப்பந்தழய அரச்சித் தடவு. நாங்கள்லாம் அப்பிடித்தான் மறக்கடிச்சோம். வெள்ளிக்கிழம மட்டும் தடவ வேணாம், நல்ல நாளு" என்று மாமியார் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

கணவருக்கு வேப்பிலை மனசுக்கு ஒப்பவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு பையில் கொஞ்சம் வெள்ளைக் களிமண்ணைக் குழைத்து எடுத்து வந்தார்.

"பாவம், அதுக்கு எதுக்குக் கசப்பு? இதத் தடவிக்க. வெள்ளயா இருக்குதேன்னு தானா ஒதுங்கிக்கும்" என்றார்.

எனக்கும் கசப்பு வேண்டாம் என்றுதான் இருந்தது. தடவிக்கொண்டேன்.

மகள் வந்து பார்த்தாள். "அப்பா, அப்பா" என்று கைதட்டிச் சிரித்தாள். தினமும் சாயங்காலம் தலையிலும் சட்டையிலும் வெள்ளைப் பொடியோடு வந்து அவளைத் தூக்குகிறவர் அவர்தானே. நான் எழுந்து கழுவப் போவதற்குள் விரலால் வழித்து நக்கியும் பார்த்துவிட்டாள். பீங்கான் கம்பெனிகள் நிறைந்த ஊரில் குழந்தையை வெள்ளைக் களிமண் காட்டிப் பயமுறுத்தப் பார்த்த அறிவாளிகள் நாங்கள் மட்டும்தான் இருப்போம். மாமியார் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் வேப்பிலையை மிக்ஸியில் போட்டேன். அரைக்கும்போதே அழுகை வந்தது.

வாய் வைத்ததுமே மகளின் முகம் கோணியது. கத்துவாள், அடிப்பாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் விலகி, அந்தப் பச்சைப் பற்றை உற்றுப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மாக்குப் புண்ணு" என்றாள்.

உதட்டைக் குவித்து அதன் மேல் ஊதினாள். என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தாள். அப்படியே பக்கத்தில் படுத்துத் தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகு அவள் பால் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன், அதுதான் உண்மை. மார் கட்டிக்கொண்டு வலித்த அந்த நாட்களில், கேட்க மாட்டாளா என்று அவளையே சுற்றிச் சுற்றி வந்தேன். என்னால் முடியாததை அவள் செய்துவிட்டாள் என்று புரிந்தபோது, லேசான பாடத்தை அடித்துவிட்டு நியூட்ரான் பாடத்தை எழுதி அனுப்பினேன்.

முதல் வாரத்து வகுப்புகள் முடிந்து சனிக்கிழமை காலையில் வீட்டுக்கு வந்தேன். பையைக் கீழே வைப்பதற்குள் மடியில் ஏறிக்கொண்டாள். என் முந்தானையை மெல்ல விலக்கிப் பார்த்தாள்.

"புண்ணு ஆறிடுச்சா?"

ஆறிவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், குடிக்க வந்துவிடுவாள். ரயில் பெட்டியில் உட்கார்ந்து வந்த நேரமெல்லாம் எனக்கு வேறெந்த ஆசையும் இருக்கவில்லை. அந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன்.

"இன்னும் ஆறலடி, கண்ணு."

அவள் குனிந்து ஊதினாள். "நாளைக்கு ஆறிடும்மா" என்று பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டு, மடியிலிருந்து இறங்கி, இட்லி கேட்டுக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.