எடைமேடை ஆபீசில் ஒரு கார் ஸ்டியரிங்

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையை எங்க வேணா போடுங்க, மரக்காணத்துல மட்டும் போடாதீங்க. உப்புக் காத்துல கீபோர்டு ஆறே மாசத்துல துருப்பிடிக்கும், திட்டு நமக்கு விழும். இந்தத் தொழில்ல மாட்டிக்கிட்ட சக பாவிகளே, கேளுங்க.

சாக்குல வந்தது

கோட்டக்குப்பத்து பாய் ஒருத்தர் துபாயிலேர்ந்து திரும்பினப்போ, பிள்ளைங்க ஆடித் தீர்த்த கேம் கண்ட்ரோலருங்களை ஒரு சாக்கு நிறையக் கொடுத்துட்டுப் போனார். அதுல உசுரோட இருந்தது ரெண்டுதான்: ரெண்டு கையில பிடிச்சி கட்டைவிரலால ஆடுற ஒரு கேம்பேடு, பெடலோட ஒரு கார் ரேஸ் ஸ்டியரிங். கேம்பேடை மவுஸ் வேலை செய்ய வச்சேன். என் பொண்டாட்டி பார்த்துட்டுக் கேட்டா: "மவுஸை மவுஸா வச்சா ஆவாதா?"

கஸ்தூரி அக்காவின் கட்டைவிரல்

ஆவாதுன்னு காட்ட வந்தவங்க கஸ்தூரி அக்கா. இருபது வருஷம் உப்பளத்துல பலகை இழுத்து உப்பு வாரினவங்க. இப்ப கட்டைவிரலைத் தவிர எந்த விரலும் சொன்ன பேச்சு கேக்கறதில்ல. இனி அளத்துல இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். முதலாளி, உப்பு லாரிய எடை போடுற எடைமேடை ஆபீஸ்ல வேலை தர்றேன்னார். ஸ்க்ரீன்ல லாரி நம்பரைத் தேடி சீட்டு பிரிண்ட் எடுக்கணும். வெள்ளிக்கிழமைக்குள்ள பழகலன்னா வேற ஆள்.

மவுஸ் அவங்க கையில நிக்கல. கேம்பேடை மடியில வச்சேன். ரெண்டு கட்டைவிரலும் புகுந்து விளையாடுது! முதல் சீட்டு வந்ததும் எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. அக்கா கலங்கல. "தம்பி, இதை வச்சித்தான் பசங்க பெயிலாவுறானுங்களா?"

ஈரத்துக்கு வைத்தியம்

வியாழக்கிழமை சாயங்காலம் அக்கா ஒரு வாளியோட வந்தாங்க. உள்ள பூரா உப்பு. கேம்பேடு மேல டீ கொட்டிடுச்சாம். நனைஞ்ச போனை அரிசியில புதைக்கணும்னு யாரோ சொன்னது ஞாபகம் வர, அரிசிய விட உப்பு நல்லா ஈரம் இழுக்குமேன்னு காலையிலேர்ந்து உப்புல புதைச்சி வச்சிருக்காங்க. கழட்டிப் பார்த்தா உள்ள பச்சை பூத்துக் கெடக்குது. "ஐயோ, ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"ன்னு தலையில கை வச்சிட்டேன்.

"அரிசியில புழு இருக்குது தம்பி. உப்பு முதல் தரம்!"

வெள்ளிக்கிழமை

மிச்சம் இருந்தது ஸ்டியரிங்தான். எடைமேடை மேசையில முறுக்கி மாட்டினேன். வலப்பக்கம் திருப்பினா லிஸ்ட்ல கீழ போகும், இடப்பக்கம் திருப்பினா மேல. ஆக்சிலேட்டரை மிதிச்சா பிரிண்ட். உள்ளங்கையே போதும், விரலை மடக்கவே வேணாம்.

முதலாளி வந்து பின்னாடி நின்னார். லாரி மேடையில ஏறிச்சு. அக்கா செருப்பைக் கழட்டி வச்சிட்டு, திருப்பினாங்க, மிதிச்சாங்க. சீட்டு சரியா வந்துச்சு. அடுத்த லாரிக்கும் சரியா வந்துச்சு. முதலாளி ரெண்டு சீட்டையும் பார்த்தார், அக்கா காலைப் பார்த்தார். "ஏம்மா, நாளையிலேர்ந்து எட்டு மணிக்கெல்லாம் வண்டிய எடுத்துடு."

இந்தத் தொழில்ல நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான்: எதையும் குப்பைன்னு தூக்கிப் போடாதீங்க, மாங்காயைத் தவிர எதையும் உப்புல போடாதீங்க.