கரண்ட் போன மத்தியானம்

டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா குழாயை விட்டு, "ஈ-ன்னு சொல்லுங்க" என்றார். எனக்கு வெறும் காற்றுதான் வந்தது. அதைக் கேட்டதும் அப்பா நினைவு வந்தது.

எடப்பாடியில் எங்கள் வீட்டுக்குள்ளேயே நான்கு விசைத்தறிகள் ஓடின. தறிச் சத்தத்தில் யார் பேசினாலும் கேட்காது. அப்பா உதட்டை அசைத்துக் கையைக் காட்டுவார், எங்களுக்குப் புரிந்துவிடும். ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. பஞ்சுத் தூசிக்கு நடுவே அப்பா என்னைப் பார்த்து அப்போதும் உதட்டை மட்டும் அசைத்தார்.

"ஏனுங்க, கரண்டுதான் போச்சே. வாயத் தொறந்து சொன்னா என்னங்க?" என்று அம்மா சிரித்தாள்.

அவர் முக்கிப் பார்த்தார். காற்று வந்தது. தண்ணீர் கொடுத்தால் புரையேறியது. எப்போதிலிருந்து இப்படி என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தொண்டைக்கென்று மிளகும் தேனும் கொடுத்துக்கொண்டிருந்தோம். நெஞ்சில் கட்டி இருப்பது தெரிந்தபோது அவரால் எழுந்து உட்காரவே முடியவில்லை.

டாக்டர் குழாயை உருவினார். "கழுத்துல ஆபரேசன் எதுவும் பண்ணிருக்கீங்களா?"

இல்லையென்று தலையாட்டினேன்.

"இடதுபக்கக் குரல்நாண் அசையல. அதுக்குண்டான நரம்பு நெஞ்சுக்குள்ள இறங்கித்தான் மேல வருது. நெஞ்சை ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். குரல் எப்ப இருந்து இப்படி?"

நான் பக்கத்தில் நின்ற மனைவியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள்.

"தெரியலீங்க சார். இவரு ஊட்ல பேசவே மாட்டாருங்க."